ரோடு மேல ஏறிடுச்சு, ஆறு கீழ போயிடுச்சு

கடலூர் புதுப்பாளையத்துல எங்க தாத்தா கட்டின வீட்டுக்கு வாசல்ல அஞ்சு படி இருந்துச்சு. சின்னப் புள்ளையா இருக்கும்போது அந்தப் படியிலதான் எங்களுக்கு எல்லாமே, சாயந்திரம் ஸ்கூல் விட்டு வந்தா பொரியும் வெல்லமும் எடுத்துகிட்டு படியில உக்காந்துடுவோம், மூணாவது படி என்னுது, அதுல வேற யாரும் உக்காரக் கூடாதுன்னு தம்பிகிட்ட சண்ட போட்டு வாங்கி வச்சிருந்தேன். இந்தப் பொங்கலுக்குப் போயி பாத்தா ஒரே ஒரு படிதான் வெளிய தெரியுது. யாரும் இடிக்கல. மத்த நாலு படியும் அப்படியேதான் இருக்கு, தாருக்கும் ஜல்லிக்கும் அடியில.

சொந்த ஊருக்குப் போயிட்டு வந்தா தியேட்டர் மண்டபமாயிடுச்சு, வயலு பிளாட்டாயிடுச்சுன்னு சொல்லுவோம், அதெல்லாம் எங்க ஊர்லயும் நடந்திருக்கு, நான் ஸ்கூல்ல படிக்கும்போது நோட்டு அட்டையில தென்னாற்காடு மாவட்டம்னு எழுதுவோம், 1993-ல கடலூர் தனி மாவட்டமாச்சு, 2021-ல மாநகராட்சியாவும் ஆச்சு, போர்டு எல்லாம் பெருசாயிருக்கு. ஆனா எனக்கு மனசுல தங்கினது அது இல்ல. எதெது எந்த ஒசரத்துல இருந்துச்சோ அது இப்ப அந்த ஒசரத்துல இல்ல. ரோடு ஏறியிருக்கு, வீடு தாழ்ந்திருக்கு, ஆத்து மணல் எறங்கிப் போயிருக்கு. இத ஒரு தடவ கவனிச்சுட்டா அப்புறம் ஊர்ல எங்க போனாலும் அதுதான் கண்ணுல படுது.

சென்னையிலேர்ந்து ஈசிஆர் பஸ்லதான் போனேன். பாண்டி தாண்டி கன்னியக்கோயில், முள்ளோடை, அப்புறம் பெண்ணையாத்துப் பாலம், பாலத்துக்கு இந்தப் பக்கம் ஆல்பேட்டை, அங்கதான் செக்போஸ்ட். சின்ன வயசுல பாண்டிக்குப் போயிட்டு வந்தா ஆல்பேட்டையில போலீஸ்காரர் பஸ்ல ஏறி ஒவ்வொரு பையா தட்டிப் பாப்பாரு, பாட்டில் ஏதாச்சும் இருக்கான்னு. எங்க பையில எப்பவும் துணியும் பாண்டியில மலிவா கெடைக்குதுன்னு அப்பா வாங்கின மிக்ஸியோ டேப் ரெக்கார்டரோதான் இருக்கும், இருந்தாலும் அவரு தாண்டிப் போற வரைக்கும் எனக்கு நெஞ்சு திக்கு திக்குன்னு அடிச்சுக்கும். ஜிஎஸ்டி வந்தப்புறம் சாமான் வாங்க பாண்டி போற பழக்கம் ரொம்பக் கொறஞ்சு போச்சு, பாட்டிலுக்குப் போறவங்க மட்டும் இன்னும் போறாங்க.

பாலத்து மேல பஸ் மெதுவா போச்சு, முன்னாடி ஒரு கரும்பு டிராக்டர் போயிட்டிருந்துச்சு, அதனால நல்லா பாக்க முடிஞ்சுது. ஃபெஞ்சல் புயல் போயி ஒன்றரை மாசம்தான் ஆயிருந்துச்சு. கரையோர மரத்துல ஆள் ஒசரத்துக்கும் மேல வைக்கோலும் கிழிஞ்ச சாக்கும் பழைய பொடவையும் மாட்டிகிட்டு தொங்குது. 2024 நவம்பர் 30 ராத்திரி பாண்டி கிட்ட கரையக் கடந்துச்சே அந்தப் புயல், பாண்டியில ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, ஆனா எங்க பக்கம் பெண்ணையாத்தக் கரை பொரள வச்சது அங்க பேஞ்ச மழை இல்ல, மேல திருவண்ணாமலைப் பக்கம் பேஞ்சது. சாத்தனூர் அணை நெறஞ்சு டிசம்பர் 2 விடியக்காலையில 1,68,000 கன அடி தொறந்து விட்டாங்க, அந்தத் தண்ணி பூரா கடல்ல சேர எங்க ஊரு வழியாத்தான் வரணும். புயலுக்குக் கதவ சாத்திகிட்டு உக்காந்திருந்து, அப்பாடா போயிடுச்சுன்னு தொறந்தப்ப ஆறு வந்து நின்னுருக்கு. நாணமேடு, சுபா உப்பலவாடி, குண்டு உப்பலவாடி, தாழங்குடா, கங்கணாங்குப்பம் எல்லாம் முழுகிடுச்சு. போன்ல வீடியோவா பாத்துகிட்டே இருந்தேன், அது எந்தத் தெருன்னு கூட அடையாளம் தெரியல, ஒரு வீடியோவுல மட்டும் தண்ணிக்கு மேல ஒரு பிள்ளையார் கோயில் கோபுரம் தெரிஞ்சுது, அத வச்சு கண்டுபிடிச்சேன்.

பாலத்துத் தூண ஒரு தடவ நல்லா பாருங்க, போனீங்கன்னா. மேல ஒரு கலரு, கீழ ஒரு கலரு. கீழ் கலர் எங்க ஆரம்பிக்குதோ அதுவரைக்கும் ஒரு காலத்துல மணல் இருந்துச்சு, தூணோட அந்தப் பகுதி வெயிலே பாத்ததில்ல. இப்ப அது வெளிய நிக்குது.

நாங்க சின்னப் புள்ளைங்களா இருக்கும்போது பெண்ணையாத்துல தண்ணி ஓடலன்னாலும் தண்ணி இல்லன்னு சொல்ல முடியாது. கையாலயே மணலத் தோண்டினா, முழங்கை அளவுக்குப் போறதுக்குள்ள மணல் ஈரமாகி, கருத்து, அப்புறம் பள்ளத்தோட அடியில நாலு பக்கத்துலேர்ந்தும் தண்ணி கசிஞ்சு வந்து தேங்கும். மொதல்ல கலங்கலா வரும், அத வாரி வெளிய ஊத்திட்டா ரெண்டாவது ஊறறது கண்ணாடியாட்டம் இருக்கும். அதத்தான் குடிப்போம். ஆயா கையில ஒரு பித்தள டம்ளர் இருக்கும், அதுக்குன்னே எடுத்துகிட்டு வருவாங்க. மணல் இருக்கறவரைக்கும் மழத் தண்ணி அதுக்கு அடியில தங்கி நிக்கும், ரெண்டு கரையிலயும் இருக்கற கெணறு அதுலேர்ந்துதான் ஊறும். வருசக்கணக்கா லாரி லாரியா அள்ளிட்டுப் போனாங்க, ஆத்துல களிமண்ணு தட்டிப் போச்சு, களியில தண்ணி எறங்காது, வந்த வேகத்துல கடலுக்கு ஓடிடும். ஓடின அப்புறம் கடல் பக்கத்து ஊருங்கள்ல உப்புத் தண்ணி உள்ள ஏறுது. நாணமேட்டுல எங்க சின்னம்மா வீட்டுக் கெணத்துல அந்தக் காலத்துல பருப்பு வேகும், டீ போட்டா திரியாது, இப்ப அதே கெணத்துத் தண்ணியில துணி தொவச்சா சோப்பு நொர வரல. ஆத்து மேல எனக்குக் கோவம் இல்ல. அள்ளினவங்க மேல இருக்கு. வெள்ளம் வரும்போது மட்டும் ஆத்தத் திட்டறோம், அது எவ்வளவு நாளு எங்களுக்குத் தண்ணி சேத்து வச்சு குடுத்துச்சுன்னு யாரும் பேசறதில்ல.

வீட்டுக்குப் போயி சேந்தப்ப மத்தியானம். அத்த வாசல்லயே நின்னாங்க. எங்க அப்பாவோட தங்கச்சி, இப்ப அந்த வீட்டுல இருக்கறது அவங்க மட்டும்தான், பையன் ஓசூர்ல வேலையில இருக்கான். நான் செருப்பக் கழட்டி வாசல்ல விட்டேன்.

"செருப்ப உள்ள எடுத்து வச்சிடு பாப்பா. வெளிய கெடந்தா வண்டிக்காரன் ஏத்திட்டுப் போயிடுவான்."

அப்பதான் திரும்பிப் பாத்தேன். உண்மைதான், பைக் ஒண்ணு எங்க படிய ஒரசிகிட்டுப் போகுது. அஞ்சு படி ஒசரத்துல இருந்த திண்ணையில உக்காந்தா தெருவுல போறவங்க தலைய மேலேர்ந்து பாக்கலாம் அப்ப, பூக்காரம்மா கூடைய எட்டி எடுத்து திண்ணையில வப்பாங்க. இப்ப திண்ணையில உக்காந்தா ஸ்கூட்டர்ல போறவங்க மொகம் நேருக்கு நேரா வருது, தூசி நேரா மூக்குல ஏறுது, அத்த அங்க உக்காரறதையே விட்டுட்டாங்க.

எப்படி ஏறுச்சுன்னு கேட்டா ரொம்ப சாதாரணமான விசயம். ரோடு பேந்து போகும், அது மேலயே ஒரு அடுக்கு போடுவாங்க. அப்புறம் பாதாள சாக்கடைக்குத் தோண்டுவாங்க, மூடுவாங்க, ஒரு அடுக்கு. எலெக்‌ஷனுக்கு முன்னாடி ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு இஞ்ச்தான், யாரும் கவனிக்கிறதில்ல, சந்தோசமா "புது ரோடு போட்டுட்டாங்க"ன்னு சொல்லுவோம். பழைய தாரைச் சொரண்டி எடுத்துட்டு அதே மட்டத்துலதான் புதுசு போடணும், வீடுங்க தாழக் கூடாதுன்னு 2021-ல தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டாரு, எல்லா ஊருக்கும் பொருந்தும் அது. எங்க தெருவுக்கு அது வர்றதுக்குள்ள நாலு படி உள்ள போயிடுச்சு.

அதோட நிக்கல. எங்க வீட்டுல கொல்லப்பக்கம் எப்பவுமே தாழ்வு, உள்ள வீட்டுலேர்ந்து மூணு படி எறங்கினாத்தான் கெணத்தடி. முன்னாடி மழ பேஞ்சா தண்ணி கொல்லையிலேர்ந்து சந்து வழியா தெருவுக்கு ஓடி, தெருவுலேர்ந்து வாய்க்கால், வாய்க்கால்லேர்ந்து கெடிலம் ஆறு. இப்ப கொல்ல தெருவ விடத் தாழ்வு. தண்ணி தெருவுலேர்ந்து கொல்லைக்கு வருது. சாக்கடையும் அதே வழியில திரும்பி வருது. தாத்தா வாட்டம் பாத்து மேஸ்திரிகிட்ட நின்னு நின்னு கட்டின வீடு, அந்த வாட்டம் பூரா தலகீழாயிடுச்சு, வீட்டுல ஒரு செங்கல்லு நகரல.

உள்ள போனா எல்லாமே மேல ஏறியிருக்கு. ஃப்ரிட்ஜ் ரெண்டு அடி செங்கல் மேடையில நிக்குது. கேஸ் சிலிண்டருக்குக் கடப்பாக் கல்லுல தனி மேடை. பிளக் பாயிண்ட் எல்லாம் என் நெஞ்சு ஒசரத்துல இருக்கு, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் மாத்தினாங்களாம், அந்த வருசம் ஷாக் அடிக்கும்னு பயந்து இருட்டுலயே கட்டில்மேல உக்காந்திருந்திருக்காங்க. பத்திரம், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், மாமாவோட பென்சன் பேப்பர் எல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அத ஒரு எவர்சில்வர் தூக்குல போட்டு மூடி பரண்மேல வச்சிருக்காங்க. பருப்பு டப்பா எல்லாம் மேல் தட்டுல, கீழ் தட்டுல வெறும் பாத்திரம், நனஞ்சா கழுவிக்கலாம்னு. எங்க வீடு மட்டும் இல்ல, அந்தத் தெருவுல எந்த வீட்டுக்குள்ள போனாலும் இதேதான், யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கல, எல்லாரும் அவங்கவங்க முழுகித் தெரிஞ்சுகிட்டது.

கடலூர்ல யாரும் வருசத்த நம்பர்ல சொல்றதில்ல. அத்த பேசினதுல "சுனாமிக்கு மறு வருசம் கல்யாணம்", "தானேவுல ஓடு பறந்துச்சே அப்ப போட்ட ஷீட்டு", "பதினஞ்சு வெள்ளத்துல செத்த மாடு", இப்ப புதுசா "ஃபெஞ்சலுக்கு முன்னாடி". தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில எங்க ஊருக்கும் பாண்டிக்கும் நடுவுல கரையேறுச்சு, அதுல பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு போச்சு, பாட்டன் வச்ச மரம் பேரன் காலத்துல காய்ச்சுகிட்டு இருந்தது எல்லாம் ஒரே காலையில படுத்துடுச்சு. அந்த வருசத்துக்கு அப்புறம் எங்க வீட்டுக் கொல்லையிலயும் மாமரம் இல்ல.

எதிர் வீட்டு சாரு, ரிட்டயர்டு வாத்தியார், அவரு வீட்டப் பாத்துட்டு எனக்கு ஒண்ணும் புரியல. அதே வீடு, அதே பச்ச கலர் கிரில் கேட்டு, அதே ஜன்னல், ஆனா மேல போயிருக்கு. இடிச்சுக் கட்டினாரான்னு கேட்டேன். இல்லம்மா தூக்கினோம்னாரு. ஜாக்கி வச்சு.

இத நான் பேப்பர்ல படிச்சிருக்கேன், ஆனா நாம சின்ன வயசுலேர்ந்து பாத்த வீட்டுக்கு நடக்கும்போது அது வேற மாதிரி இருக்கு. அவரு உக்கார வச்சு பொறுமையா சொன்னாரு. மொதல்ல தரைய ஒடச்சு, செவுத்து ஓரமா அஸ்திவாரம் தெரியற வரைக்கும் தோண்டுவாங்களாம். அப்புறம் செவுத்துக்கு அடியில கொஞ்சம் கொஞ்சமா செங்கல்ல ஒடச்செடுத்துட்டு, அந்தச் சந்துல ரெண்டு பக்கமும் இரும்பு சேனல் சொருகி, அதுக்கு அடியில ஜாக்கி. லாரி டயர் மாத்தறதுக்கு வப்பாங்களே அதே ஜாக்கிதான். ஒண்ணு வச்சு முடிச்சாத்தான் பக்கத்துல அடுத்தது ஒடைப்பாங்க, ஒரேயடியா ஒடச்சா செவுரு விட்டுப் போயிடும். வீடு பூரா சுத்தி, உள் செவுத்துக்கும் சேத்து, நூத்துக்கு மேல ஜாக்கி. வீட்டோட எடை பூரா அஸ்திவாரத்துலேர்ந்து விடுபட்டு ஜாக்கிக்கு வந்தப்புறம்தான் தூக்கறது. வேலைக்கு வந்தவங்க எல்லாம் அரியானா, பீகார் பசங்க, ஆளுக்கு இத்தன ஜாக்கின்னு பிரிச்சுகிட்டு நிப்பாங்க, ஒருத்தர் சத்தம் குடுப்பாரு, எல்லாரும் ஒரே நேரத்துல கால் சுத்து திருப்புவாங்க. திருப்பிட்டு நிறுத்தி, மட்டம் பாத்து, மறுபடி சத்தம். ஒரு பக்கம் மட்டும் கூட ஏறிட்டா செவுத்துல வெடிப்பு விழுந்துடும். மூணு அடி ஏத்தி, கீழ உள்ள சந்துல செங்கல் வச்சுக் கட்டிட்டு, ஒவ்வொரு ஜாக்கியா உருவி எடுத்து, உள்ள மண்ணு கொட்டி, புதுசா தர போட்டிருக்காங்க.

"பூஜ ரூம்ல கலசம் வச்சிருந்தோம்மா, நெற தண்ணி. ஒரு சொட்டு சிந்தல," அப்படின்னாரு. சொல்லும்போது அவரு மொகத்துல வந்த பெருமைய பாக்கணும். முப்பது வருசம் வாத்தியார் வேல பாத்து சேத்து வச்ச காசு, ரெண்டாவது தடவ இந்த வீட்டுக்கே போட்டிருக்காரு, கட்டும்போது ஒரு தடவ, தூக்கும்போது ஒரு தடவ. எனக்கு அவரு மேல பெரிய மரியாத வந்துச்சு. விட்டுட்டு வேற எடம் போறவங்களும் இருக்காங்க, அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் இங்கயேதான் இருப்பேன், ரோடு ஏறினா நானும் ஏறிக்கறேன்னு நின்னிருக்காரு பாருங்க.

மறுநாள் தேவனாம்பட்டினம் போனோம். சில்வர் பீச்சுல இப்ப நடைபாத, பார்க்கு, பஜ்ஜிக் கட, ஞாயித்துக்கெழம கூட்டம் தாங்கல. அங்க கொஞ்ச நேரம்தான் நின்னேன். 2004 டிசம்பர் 26-ம் ஞாயித்துக்கெழமதான். கடலூர் மாவட்டத்துல மட்டும் 600 பேருக்கு மேல போயிட்டாங்க, அதுல என்கூட படிச்சவங்க வீட்டு ஆளுங்களும் உண்டு, அதுக்கு மேல அதப் பத்தி இங்க எழுத எனக்கு மனசு வரல. கடலுக்கு ரொம்பக் கிட்டக்க இருந்த குடிசைங்க இப்ப அங்க இல்ல, தள்ளி காங்கிரீட் வீடா குடுத்திருக்காங்க.

கெடிலம் கடல்ல சேர்ற பக்கமா போனா கோட்ட இருக்கு. கோட்டன்னா கற்பன பண்ணிக்காதீங்க, இடிஞ்ச செவுரும் செங்கல் மேடும்தான். புனித டேவிட் கோட்ட, 1690-ல இங்கிலீஷ்காரன் மராத்தியர்கிட்ட வெலைக்கு வாங்கினது. வாங்கும்போது கோட்டையிலேர்ந்து பீரங்கி சுட்டா குண்டு எவ்வளவு தூரம் போயி விழுதோ அதுவரைக்கும் உள்ள ஊரெல்லாம் எங்களுக்குன்னு பேசிகிட்டானாம், நாலா பக்கமும் சுட்டிருக்கான். குண்டு உப்பலவாடி, குண்டு சாலைன்னு பேரு இன்னைக்கும் இருக்கு. ராபர்ட் கிளைவ் 1756-ல இந்தக் கோட்டைக்கு கவர்னரா இருந்தாரு, ரெண்டு வருசத்துல பிரெஞ்சுக்காரங்க புடிச்சு இடிச்சுட்டாங்க. நாங்க அங்க கண்ணாமூச்சி ஆடியிருக்கோம், அப்ப எங்களுக்கு கிளைவும் தெரியாது ஒண்ணும் தெரியாது. ஒரு குண்டு சுட்டு எல்ல போட்டவன் போயி எத்தனையோ வருசமாச்சு, ஆனா அவன் கோடு போட்ட அதே ஊருங்களத்தான் டிசம்பர்ல ஆறு வந்து எடுத்துகிச்சு, அங்க இருக்கறவங்களுக்கு ரெண்டு தடவையும் யாரும் ஒரு வார்த்த கேக்கல.

திருப்பாதிரிப்புலியூருக்கும் போனோம், பாடலீஸ்வரர் கோயிலுக்கு. அப்பல்லாம் லாரன்ஸ் ரோட்டுல ரயில்வே கேட்டு போட்டா ரெண்டு பக்கமும் சைக்கிளும் கட்டவண்டியும் ஜட்கா வண்டியும் ஜனமும் குமிஞ்சு நிக்கும், அந்த நேரத்துலதான் எங்க அப்பா ஊர்ல பாதி பேர்கிட்ட பேசி முடிப்பாரு, மீட்டர் கேஜ் ரயில் மெதுவா ஆடி ஆடிப் போகும். 2010-ல அது அகல ரயில் பாதையாயிடுச்சு, அப்புறம் கேட்டுக்குப் பதிலா சப்வேயும் வந்துடுச்சு. நல்லதுதான், ஆஸ்பத்திரிக்குப் போறவங்க கேட்டுல மாட்டிகிட்டு தவிச்சதெல்லாம் நான் பாத்திருக்கேன். மழையில சப்வேயில தண்ணி நிக்கும்னு கடக்காரர் சொன்னாரு, அது ஒண்ணுதான் ஊர்ல நாமளே தோண்டி எறக்கினது.

கோயில் படியில உக்காந்திருக்கும்போது அத்தகிட்ட மெதுவா கேட்டேன், ஏன் அத்த இந்த ஊர்ல தனியா கஷ்டப்படறீங்க, ஓசூருக்கு தம்பிகிட்டயாவது போயிடலாம் இல்ல, இல்லன்னா எங்கூட வாங்கன்னு.

"அப்பரக் கல்லக் கட்டி கடல்ல போட்டாங்க, அவரே இங்கதான் வந்து கரையேறினாரு. நான் எங்கடி போறது?"

அவ்வளவுதான் பதிலு. கரையேறவிட்டகுப்பம்னு ஒரு ஊரே இருக்கு எங்க பக்கத்துல, அவரு கரையேறின எடம்னு சொல்லுவாங்க. அத்தைக்கு அது கத இல்ல.

அஞ்சாம் நாளு ஆத்துத் திருவிழா. இது கடலூர், விழுப்புரம், பாண்டிப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, மத்தவங்களுக்குச் சொல்றேன், தை மாசம் அஞ்சாம் தேதி சுத்துப்பட்டு ஊர் சாமிங்க எல்லாம் பெண்ணையாத்துக்கு வந்து தீர்த்தவாரி ஆடும். எங்களுக்கு பொங்கலே அன்னைக்குத்தான் முடியும். நான் ஊருக்குப் போனதே அதுக்குத்தான்னு கூட சொல்லலாம். உண்மைய சொல்லணும்னா கூட்டம் இருக்காதுன்னு நெனச்சேன், வெள்ளத்துல வீட்டுச் சாமான் பூரா போன ஜனங்க, ஒன்றரை மாசத்துல யாரு திருவிழாவுக்கு வருவாங்கன்னு. ஆல்பேட்டையிலயே ஆட்டோக்காரர் இதுக்கு மேல போகாதும்மான்னு எறக்கி விட்டுட்டாரு, அவ்வளவு ஜனம்.

ஆத்துல எறங்கற எடத்துல முள்ளெல்லாம் ஜேசிபி வச்சு எடுத்து வழி பண்ணியிருந்தாங்க. டிராக்டர்ல, டாட்டா ஏஸ்ல, சில ஊர்க்காரங்க தோள்லயே தூக்கிகிட்டு சாமிங்க வருது, மேளம் ஒரு பக்கம், பம்ப ஒடுக்க ஒரு பக்கம். ராட்டினம், பலூன் சுடறது, வளையல் கட, கரும்புக் கட்டு, பொரி, அப்புறம் சுருளிக் கெழங்கு. சுருளிக் கெழங்கு வாங்காம ஆத்துத் திருவிழாவுலேர்ந்து யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. விக்கறவங்க கோணியில குமிச்சு வச்சிருப்பாங்க, மண்ணு ஒட்டியிருக்கும், உப்பு போட்டு வேக வச்சு தோல உரிச்சுத் தின்னா மாவா இருக்கும், நடுவுல ஒரு சின்ன இனிப்பு. சென்னையில எனக்கு எங்கயும் அது கெடச்சதில்ல. விக்கற அம்மாகிட்ட வெல கேட்டேன், சொன்னாங்க, கொறைக்கச் சொல்லல. அவங்க சுபா உப்பலவாடியாம். வீட்டுல இடுப்பு மட்டம் தண்ணியாம். "கெழங்கு வேற ஊருதும்மா, எங்க கொல்லையில இருந்ததெல்லாம் ஆத்தோட போச்சு, ஆனா திருநாளுக்கு வராம இருக்க முடியுமா, இந்த ஆத்துலதான வந்து நிக்கணும்" அப்படின்னாங்க.

அன்னைக்கு எனக்குக் கெடச்ச பெரிய சந்தோசம் என்னன்னா, மணல். வெள்ளம் போகும்போது சில எடத்துல புது மணலக் கொண்டாந்து போட்டுட்டுப் போயிருக்கு. கரையோரமா ஒரு திட்டு, பளபளன்னு, நல்ல சன்ன மணல். அஞ்சாறு பசங்க அங்க பள்ளம் தோண்டிகிட்டு இருந்தாங்க, அவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களோ தெரியல. நானும் பொடவைய சொருகிகிட்டு உக்காந்து தோண்டினேன். ஊறுச்சு. கலங்கல வாரி ஊத்திட்டு ரெண்டாவது தண்ணிக்குக் காத்திருந்தோம், அதுவும் வந்துச்சு. குடிக்கல, இப்ப அந்தத் தைரியம் இல்ல, மேல என்னென்ன கலந்து வருதோ. கைய மட்டும் நனச்சுகிட்டேன். ஒரு பையன் கேட்டான், ஆன்ட்டி இது கடல் தண்ணியா ஆத்துத் தண்ணியான்னு. ஆத்துத் தண்ணிடா, தொட்டு நாக்குல வச்சுப் பாருன்னேன். வச்சுப் பாத்துட்டு "உப்பே இல்ல"ன்னு கத்தினான், மத்த பசங்களும் ஒவ்வொருத்தனா வந்து தொட்டுப் பாத்தானுங்க. இந்த மணலையாவது விட்டு வைக்கணும். இத அள்ள ஒரு லாரியும் எறங்கக் கூடாதுன்னு அந்த ஊரே ஆத்துல நின்னு தடுக்கணும், நான் இத மனசார சொல்றேன்.

இப்ப வீட்டு விசயம். எதிர் வீட்டு சாரு அந்த ஜாக்கிக்காரங்க நம்பர் குடுத்தாரு, அவங்க வந்து அளந்துட்டும் போயிட்டாங்க. எங்க வீடு சுண்ணாம்புக் காரயில கட்டினது, பழைய செங்கல்லு, சிமெண்ட் வீட்ட விட ஜாஸ்தி ஜாக்கிரதையா பண்ணணும், கூர ஓடு எல்லாத்தையும் மொதல்ல பிரிச்சு எறக்கிடணும்னு சொன்னாங்க, ஆனா தூக்கலாம்னாங்க. செலவ நானும் தம்பியும் அத்த மவனும் பிரிச்சுக்கறதா பேசி முடிச்சாச்சு. அக்னி நட்சத்திரம் முடிஞ்சு ஆரம்பிச்சா ஐப்பசி மழைக்கு முன்னாடி தர போட்டு முடிச்சுடலாம்.

ஒரே ஒரு எடத்துலதான் நிக்குது. திண்ணைய வீட்டோட சேத்து தூக்க முடியாது, அது தனி மேட, அத இடிச்சுட்டுத்தான் தூக்கணும், வேணும்னா அப்புறம் புதுசா கட்டிக்கலாம்னு வந்தவங்க சொல்றாங்க. அத்த ஒத்துக்கல. திண்ண இல்லாம வீட்ட மட்டும் தூக்கறதுன்னா தூக்கவே வேணாங்கறாங்க, அந்தத் திண்ண தாத்தா கையால வழவழன்னு தேச்ச திண்ண, முட்டையும் கடுக்காயும் போட்டு மெழுகினது, இன்னைக்கும் கை வச்சா குளிர்ச்சியா இருக்கு, இப்ப அந்த வேல தெரிஞ்ச ஆள் கெடைக்கறது கஷ்டம். எனக்கும் அத்த சொல்றதுதான் நியாயம்னு படுது. கடலூர், பாண்டி, விழுப்புரம் பக்கம் யாராச்சும் பழைய ஓட்டு வீட்டத் திண்ணையோட தூக்கியிருந்தீங்கன்னா, எந்த மேஸ்திரி பண்ணாரு, திண்ணைக்கு அடியில சேனல் எப்படிக் குடுத்தாங்க, மேல் பூச்சு வெடிச்சுதா இல்லையான்னு சொல்லுங்க. சித்திரைக்குள்ள சொன்னீங்கன்னா அத்தகிட்ட பேசறதுக்கு எனக்கு ஒதவியா இருக்கும்.